ஒன்றரை வருஷம், ஒன்றரைக் கிலோ

பயப்படாமல் உட்காருங்கள் சார், அது தோசைக்கல் இல்லை. கண்டக்டரும் இப்படித்தான் பையை அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஓட்டலுக்குக் கொண்டுபோறீங்களா?" என்றார். தோசைக்கல்லுக்கு விளிம்பில் இரும்புப் பட்டையும் நடுவில் மரமும் இருக்குமா? இது வட்டு. விளையாட்டு மைதானத்தில் சுழன்று எறிவார்களே, அந்த வட்டு. ஒன்றரைக் கிலோ. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு மடியில் வட்டை வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போகிறவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நீங்களும் புதுக்கோட்டைதானே? நல்லதாகப் போயிற்று. முழுதாகச் சொல்லிவிடலாம்.

முதலில் என் வயது என்ன இருக்கும் என்று சொல்லுங்கள். சும்மா கூச்சப்படாமல் சொல்லுங்கள். அறுபதா? சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? வேண்டாம், விடுங்கள். செல்லாது. எனக்கு ஐம்பத்தெட்டரைதான் என்று கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை வாங்கினவனும் நான்தான். பதினேழு வருஷம் அலைந்து வாங்கினேன்.

என் பெயர் அம்பலவாணன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், பென்ஷன் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

கதை நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு ஆரம்பிக்கிறது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? பிள்ளையைக் கூட்டிப் போனால் ஹெட்மாஸ்டர் ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. அவ்வளவுதான். டாக்டர் சர்டிபிகேட்டெல்லாம் அந்தக் காதுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு என் அம்மா என் அண்ணனைச் சேர்க்கத்தான் போனார். நான் இடுப்பில் இருந்தேன். அண்ணன் காதைத் தொட்டான். அதைப் பார்த்து நானும் இடுப்பிலிருந்தபடியே கையைச் சுற்றிக் காதைத் தொட்டேன். சும்மா விளையாட்டுக்கு. எனக்குப் பிறவியிலேயே கை நீளம் சார். இதோ பாருங்கள், நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முழங்காலைத் தொட்டுவிடும். ஹெட்மாஸ்டருக்கு அந்த வருஷம் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். "எட்டிருச்சுல்ல? எழுது" என்றுவிட்டார். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே தேதி. ஜூன் மூன்று. எனக்கு அப்போது மூன்றரை வயது. காகிதத்தில் ஐந்து. ஒரே நிமிஷத்தில் ஒன்றரை வருஷம் போய்விட்டது.

அதே வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் சவரிராஜ். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவனுக்கு நிஜமாகவே ஐந்து வயது. ஆனால் கை குட்டை. தலையைச் சாய்த்தான், தோளைத் தூக்கினான், நாக்கைக் கடித்தான், எட்டவில்லை. ஹெட்மாஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வருஷமும் வந்தான். எட்டவில்லை. அதற்கடுத்த வருஷம் எப்படியோ காதுமடலைத் தொட்டான், எழுதிக்கொண்டார்கள், ஐந்து வயது என்று. ஆக, நிஜத்தில் அவன் எனக்கு ஒன்றரை வயது மூத்தவன். காகிதத்தில் இரண்டு வயது இளையவன். இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். நீளக் கை இருக்கிறவனைப் பார்த்தால் டிரில் மாஸ்டர் விடுவாரா? ஆறாம் வகுப்பில் என் கையில் வட்டைக் கொடுத்துவிட்டார். ஆனால் போட்டியில் வயதுப் பிரிவு உண்டே. எனக்குக் காகித வயது. என்னோடு எறிய வந்தவர்களெல்லாம் மீசைக்காரர்கள். ஒருத்தன் மைதானத்துக்கே சவரம் செய்துகொண்டு வந்தான் சார். நான் கடைசி. அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் பிரிவில் சவரிராஜ், தன்னைவிடச் சின்ன வாண்டுகளோடு நின்று முதல் பரிசு. வருஷா வருஷம் முதல் பரிசு. அவன் வீட்டில் இருந்த கப்புகளில் அவன் அம்மா உப்பும் புளியும் போட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் உப்புக்குச் சாதாரண ஜாடிதான்.

அவன் அதிலேயே படித்து டிரில் மாஸ்டர் ஆகிவிட்டான். இப்போது பி.டி. சார் என்கிறார்கள். தர்மபுரிப் பக்கம் எங்கேயோ வேலை. நான் குமாஸ்தாவானேன். வட்டை மறந்தேன். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தை மறக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்து சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார வேண்டிய மாதத்துக்குச் சரியாக நாலு மாதம் முன்னால் ரிடையர் ஆகிறேன். காதைத் தொட்ட பாவத்துக்கு! உடனே வழக்குப் போட்டேன்.

அண்ணனின் ஆஸ்பத்திரிப் பதிவேடு இருந்தது. அவன் பிறந்தது ஜனவரியில். நான் அவனுக்கு ஐந்தே மாதம் கழித்து ஜூனில் எப்படிப் பிறக்க முடியும்? எங்கள் வக்கீல் கதிரேசன் இதைச் சொன்னதும் அரசு வக்கீல் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? "கனம் நீதிபதி அவர்களே, பள்ளிப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே தேதி. எனவே இவர்கள் இரட்டையர்." இரட்டையர் என்றால் எங்கள் அண்ணனைப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? கட்டை குட்டையாக இருப்பான். அவன் கை அவன் காதுக்கே இப்போது எட்டாது. இந்த இரட்டையர் விவகாரத்திலேயே பதினோரு வருஷம் போயிற்று. வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசியில் கதிரேசன் சொன்னார், "சொந்தக்காரங்க சாட்சி எடுபடாது சார். அன்னைக்கு அந்த ஸ்கூல்ல இருந்த வெளியாள் ஒருத்தர் வேணும்."

யார் இருந்தார்கள்? ஹெட்மாஸ்டர் போய்விட்டார். பள்ளிக்கூடத்து ஆயா போய்விட்டார். மிச்சம் இருந்தது சவரிராஜ்.

அவனும் சொல்லி வைத்தாற்போல் மூன்று வருஷம் முன்னால் மாற்றலாகி ஊருக்கே வந்து சேர்ந்தான். வந்த அன்றே வீட்டுக்கு வந்துவிட்டான், கையில் ஒரு பை சீத்தாப்பழத்தோடு. "டேய் அம்பலம், இன்னும் எறியுறியாடா?" என்றான். காபி குடிக்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை, முதல் கேள்வியே அது. மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருக்கிறது, முப்பத்தைந்து வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், ஐந்து ஐந்து வயதாகப் பிரிவு என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனான்.

போனேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வரை ஒரு பிரிவு. ஒன்றரைக் கிலோ வட்டு. என் காகித வயதும் அவன் காகித வயதும் அதற்குள்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வட்டத்துக்குள் எறிந்தோம். முதல் வருஷம் அவன் முதல், நான் இரண்டாவது. அடுத்த வருஷம் அவன் முதல், நான் இரண்டாவது. அதற்கடுத்த வருஷம் எனக்கு ஜுரம், இருந்தும் போனேன். அவன் முதல், நான் இரண்டாவது. குட்டைக் கைதான், ஆனால் கால் வேலை தெரிந்தவன். ஒன்றரைச் சுற்றுச் சுற்றுவான் பாருங்கள், பம்பரம் மாதிரி. நான் சுற்றினால் ஏதோ தொலைந்த பொருளைத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

என் ஆசை என்ன சார்? ஒரே ஒரு முதல் பரிசு. ஒரு தடவை அந்த மேடையில் நடுப்படியில் ஏறி நிற்க வேண்டும். பிறகு வட்டை அரிசி மூட்டைக்கு மேல் பாரமாக வைத்துவிடுவேன். பெரிய ஆசையா இது?

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இந்த ஜூனில் காகிதப்படி எனக்கு அறுபது. அறுபது ஆனவர்களுக்கு வேறு பிரிவு. வட்டும் ஒரு கிலோதான். சவரிக்கோ காகிதத்தில் ஐம்பத்தெட்டு. அவன் அந்தப் பக்கம் வரவே முடியாது! அறுபதுப் பிரிவில் எனக்குப் போட்டி யார் என்று விசாரித்தேன். ஒரே ஒருத்தர். ஓய்வு பெற்ற தாசில்தார் வைரவன். கண்புரை ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள். அவர் வட்டைக் கையில் வாங்கினதும், "எந்தப் பக்கம் எறியணும்?" என்று கேட்கிறவர்.

தங்கம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ வட்டு வாங்கினேன். ஜூன் பிறந்ததிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. இப்போது புதிது வைத்திருக்கிறார்கள். என் மனைவி மங்கையர்க்கரசி சொன்னாள், "பெருமாள் கையிலயும் வட்டு இருக்கு. அவர் விட்டா அசுரன் தலையை எடுத்துட்டு அவர் விரலுக்கே திரும்பி வந்துடும். நீங்க விட்டா நான்தான் நாலு வீட்டுக் கதவைத் தட்டி, எங்க வட்டு இங்க விழுந்துச்சான்னு கேக்க வேண்டியிருக்கு."

சவரியும் மாலையில் வருவான். அவனுக்கு இந்த விளையாட்டின் சரித்திரமெல்லாம் அத்துபடி. கிரேக்க நாட்டில் முதலில் கல்லில் செய்து எறிந்தார்களாம், அப்புறம் வெண்கலம். ஊருக்கு ஓர் எடை. பெரிய போட்டி நடக்கிற இடத்தில் மட்டும் மூன்று வட்டுகளைப் பொக்கிஷம் மாதிரி கோயில் பக்கம் பூட்டி வைத்திருப்பார்களாம், எல்லாரும் அதையே எறிய வேண்டுமாம். "அவங்க வயசைப் பாக்கலடா, வட்டைத்தான் பாத்தாங்க" என்றான். ஒரு கதையும் சொன்னான். ஒரு ராஜா. பேரன் கையால்தான் உனக்குச் சாவு என்று குறி சொல்லிவிட்டார்கள். ராஜா என்னென்னவோ செய்து பார்த்தார், கடைசியில் ஊரை விட்டே ஓடினார். ஓடிப்போன ஊரில் விளையாட்டுப் போட்டி. யார் யாரோ எறிகிறார்கள். ஒருத்தன் எறிந்த வட்டு காற்றில் விலகிக் கூட்டத்துக்குள் வந்து விழுந்து இவர் செத்தார். எறிந்தவன் பேரன்.

"இதுலேர்ந்து என்னடா தெரியுது?" என்றான் சவரி.

"பாக்க வர்றவங்க பாதுகாப்பு வலைக்கு வெளிய நிக்கணும்னு தெரியுது" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் சிரித்தான். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என்ன சார், நீங்களும் சிரிக்கிறீர்கள்?

இதற்கு நடுவில் ஜூன் மாதக் கடைசியில் வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்துவிட்டது. நான் ரிடையர் ஆக ஐந்து நாள் இருந்தது. சவரிக்குப் பள்ளியில் அன்றைக்கு முக்கியமான வேலை, லீவு கிடைக்காது என்றார்கள். அரைச் சம்பளத்தில் லீவு போட்டுக்கொண்டு வந்தான். நான்தானே அவனை மூன்று வருஷமாகக் கெஞ்சினேன், வந்தான். வந்தவன் கூண்டில் ஏறிப் பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஞாபகம் சரியாக இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னானா?

அரசு வக்கீல் கேட்டார், "ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது?"

சவரி சொன்னான், "ஐயா, எனக்கு எட்டாம நான் அழுதுகிட்டு நின்ன நாள் அது. மறக்குமா? இவன் அவங்க அம்மா இடுப்புல இருந்தான். அரைஞாண் கயிறு மட்டுந்தான் கட்டியிருந்தான். வாயில கட்டைவிரல். விரலை வாயிலேர்ந்து எடுத்துத்தான் காதைத் தொட்டான், தொட்டுட்டுத் திரும்ப வாயில வெச்சுக்கிட்டான். அண்ணன் டவுசர் போட்டு நின்னான். ரெட்டைப் புள்ளைல ஒண்ணுக்கு டவுசர் போட்டு ஒண்ணுக்குப் போடாமலா ஐயா கூட்டியாருவாங்க?"

கோர்ட்டே சிரித்தது சார். டவாலி போட்ட கோர்ட் சேவகர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நீதிபதி என்னைப் பார்த்து, "எங்கே, தொடுங்கள்" என்றார். ஐம்பத்தெட்டரை வயதில், நிறைந்த கோர்ட்டில், தலைக்கு மேல் கையைச் சுற்றினேன். விரல் காதைத் தாண்டித் தாடை வரைக்கும் வந்துவிட்டது. நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார்.

ஜூலை கடைசியில் தீர்ப்பு. மனுதாரரின் பிறந்த தேதி இன்னது எனத் திருத்தப்பட வேண்டும், அவர் வயது ஐம்பத்தெட்டு வருஷம் ஏழு மாதம். அதற்குள் நான் ரிடையர் ஆகி ஒரு மாதம் ஆகிவிட்டது. வரப்போகிற சூப்பிரண்டு நாற்காலிக்கு வேறு ஒருத்தர் அப்போதே துண்டு போட்டுவிட்டார். இருந்தால் என்ன? நியாயம் ஜெயித்தது. எங்கள் பக்கத்துத் தினசரி நிருபரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாள் நாலாம் பக்கத்தில் என் படத்தோடு வந்தது. "நேற்று அறுபது, இன்று ஐம்பத்தெட்டு: பதினேழு ஆண்டு போராடி இளைஞரான ஓய்வூதியர்." நூறு நகல் எடுத்தேன். தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன்.

மங்கையர்க்கரசி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "ரிடையர் ஆனப்புறம் வயசு குறைஞ்சு என்ன செய்யப் போறீங்க? திரும்ப ஒண்ணாம் கிளாஸ்ல சேரப் போறீங்களா?" அப்புறம் ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்திவிட்டு, "அப்போ அந்த அறுபது வயசுப் போட்டி?" என்றாள்.

"உனக்கு விளையாட்டு விதியெல்லாம் தெரியாது" என்றேன்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு போட்டி. மைதானத்தில் பெயர் சரிபார்க்கிற மேஜை. மூத்தோர் சங்கச் செயலாளர் தமயந்தி டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் நூறு மீட்டரில் பறந்தவர், இப்போது யாரும் வரிசையைத் தாண்டிப் போக முடியாது, கையைப் பிடித்து இழுத்துவிடுவார். வரிசையில் என் முன்னால் பத்துப் பேர், பின்னால் பதினைந்து பேர். எல்லாரும் தெரிந்தவர்கள். பையில் நகல் இருக்கிறதே என்று எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். என் முறை வந்ததும் டீச்சருக்கும் ஒன்று கொடுத்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தேன்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். எழுந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள்ணே. பெரிய விஷயம்." பிறகு உட்கார்ந்து அறுபதுப் பட்டியலில் என் பெயரை அடித்தார்.

"என்ன டீச்சர், என் பேரை அடிக்கிறீங்க?"

"அம்பத்தெட்டரைன்னு கோர்ட்டே சொல்லிருச்சே அண்ணே. அம்பத்தஞ்சு பிரிவுல எழுதிட்டேன். ஒன்றரைக் கிலோ. பத்தரை மணிக்கு."

அவசரமாகப் பையைத் துழாவினேன். ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன். "டீச்சர், இதுல பாருங்க, அறுபது. மாத்தவே இல்ல. நரையைப் பாருங்க. முட்டியைத் தொட்டுப் பாருங்க, சத்தம் வரும். நான் அறுபது டீச்சர்!"

"கோர்ட் சொன்னதை நாங்க மீற முடியுமாண்ணே? அவமதிப்பு ஆயிடும்" என்றார். பின்னால் வரிசையில் யாரோ, "பதினேழு வருசம் இல்லேன்னு அலைஞ்சாரு, இப்ப ஆமாங்கிறாரு" என்றான். இன்னொருத்தன், "இளைஞரே, கொஞ்சம் நகருங்க, வயசானவங்க நிக்கிறோம்" என்றான். நான் கொடுத்த நகலால்தான் அவன் விசிறிக்கொண்டிருந்தான்.

அறுபதுப் பிரிவுதான் முதலில் நடந்தது. தாசில்தார் வைரவனிடம் வட்டு இல்லை. என்னிடம் வந்து, "தம்பி, உங்களுக்கு இப்ப இது தேவையில்லையாமே, கொஞ்சம் கொடுக்க முடியுமா?" என்றார். தம்பி! கொடுத்தேன். இரண்டு தடவை வலையில் அடித்தார். மூன்றாவது தடவை எப்படியோ முன்பக்கம் போய் விழுந்தது. ஒன்பது மீட்டர் சார். ஒன்பது. என் வீட்டுக் கூடத்தில் நின்று அடுக்களைக்கு எறிந்தாலே அவ்வளவு வரும். ஒரே ஆள், எனவே தங்கம். நடுப்படியில் அவரை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர் கழுத்தில் என் தங்கம், அவர் கையில் என் வட்டு. போட்டோவுக்குச் சிரித்தார்.

பத்தரைக்கு எங்கள் பிரிவு. சவரி வந்து என் தோளில் கை போட முயன்று, எட்டாமல் முதுகில் தட்டினான். "நல்லதாப் போச்சுடா அம்பலம். நீ அந்தப் பக்கம் போயிட்டா நான் யாரோட எறியறதுன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான். பாருங்கள் அவன் சந்தோஷத்தை! அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. அரைஞாண் கயிறு, கட்டைவிரல், டவுசர். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தானே, எதற்கு? நான் தப்பித்துப் போய்விடக் கூடாது என்பதற்கு. இல்லாவிட்டால் எவனாவது அரைச் சம்பளத்தில் லீவு போட்டு வந்து உண்மை சொல்வானா?

எனக்கு ஒன்றரைக் கிலோ வட்டு சொந்தமாகக் கிடையாது, முந்தின மூன்று வருஷமும் கடன் வாங்கித்தான் எறிந்தேன். அவனே தன்னுடையதைக் கொடுத்தான். மூன்று வாய்ப்பு. அவன் இருபத்து நாலு மீட்டர் எறிந்தான், அங்கே சின்னக் கொடி நட்டார்கள். நான் முதலில் பத்தொன்பது. அடுத்தது இருபது. மூன்றாவதுக்கு வட்டத்துக்குள் போய் நின்றேன். அந்த வட்டம் இரண்டரை மீட்டர் அகலம்தான் சார். அதற்குள் நின்றபோது ஹெட்மாஸ்டர் ஞாபகம் வந்தது. இரட்டையர் என்று சொன்ன அரசு வக்கீல் ஞாபகம் வந்தது. தாசில்தார் இன்னும் மெடலைக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றினேன். எப்படிச் சுற்றினேன் என்று கேட்காதீர்கள். கை போன வழியில் நான் போனேன்.

வட்டு கிளம்பிய சத்தமே வேறு. ஆடாமல், அசையாமல், தட்டையாக மிதந்துகொண்டே போகிறது. சவரியின் கொடியைத் தாண்டி, இந்த பஸ்ஸில் இரண்டு சீட் இடைவெளி இருக்கும், அங்கே போய்ப் புல்லில் குத்தி நின்றது.

பக்கத்தில் நின்ற சவரிதான் முதலில் கத்தினான். "டேய் அம்பலம்! ஜெயிச்சுட்டடா! என்னைத் தாண்டிட்டடா! போய்ப் பாருடா!"

போய்ப் பார்த்தேன் சார். ஓடினேன். வட்டத்தின் முன்பக்கமாகவே ஓடினேன்.

உங்களுக்கு விதி தெரியாது. எறிந்து முடித்தால் வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முன்பக்கம் கால் வைத்தால் அந்த எறி செல்லாது. எத்தனை மீட்டர் போயிருந்தாலும் செல்லாது. நான் பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சவரி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பிறகு நடுவரிடம் போய்க் கெஞ்சுகிறான், "சார், நான்தான் கூப்பிட்டேன், தப்பு என்னோடது, குடுத்துடுங்க சார்" என்று. நடுவர் கேட்பாரா?

அவன் முதல், நான் இரண்டாவது.

முப்பது வருஷமாக டிரில் மாஸ்டர் சார் அவன். எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும் என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அவனுக்குத் தெரியாதா? மெடலைக் கழற்றி என் கழுத்தில் போட வந்தான். தட்டிவிட்டேன். நடிப்புக்கு ஓர் அளவு வேண்டாமா?

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மைதானத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. வட்டு மாதிரியே சுற்றிச் சுற்றி யோசித்தேன், பிடிபட்டது. பிழை என் வயதில் இல்லை. என் வயது கோர்ட்டே ஒப்புக்கொண்ட வயது. பிழை சவரியின் வயதில் இருக்கிறது! நிஜத்தில் அவனுக்கு அறுபது. பொய்யான ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு எங்களைப் போன்ற இளையவர்களோடு எறிந்துகொண்டிருக்கிறான். அவன் வயதைத் திருத்தினால் அவன் அறுபதுக்குப் போய்விடுவான். தாசில்தாரோடு எறியட்டும். ஐம்பத்தைந்து பிரிவு எனக்கு. அதனால்தான் இந்த ஒன்றரைக் கிலோவைப் புதிதாக வாங்கினேன். வக்கீலைப் பார்த்துவிட்டு நேரே மைதானம்.

அவன் வீட்டுக்கே போய் முகத்துக்கு நேராகச் சொன்னேன், "நீ ஒரு கேஸ் போடணும். நான் சாட்சி சொல்றேன்."

"எனக்கு அறுபதுன்னு தீர்ப்பு வந்தா அன்னைக்கே வேலை போயிடுமேடா" என்றான்.

"வேலை பெருசா, உண்மை பெருசா?" என்று கேட்டேன். நான் விடவில்லை சார். "எனக்காக நீ கூண்டுல ஏறி உண்மை சொன்னல்ல? உன் விஷயம்னு வந்தா மட்டும் கசக்குதா?"

அவன் சிரித்துவிட்டு, "சரிடா. போலாம். எந்த பஸ்ஸுக்கு?" என்றான்.

அதோ, டிரைவர் பக்கம் மூன்றாவது வரிசையில் வாயைத் திறந்து தூங்குகிறானே, நீலச் சட்டை, அவன்தான். டிக்கெட்டும் அவனே எடுத்துவிட்டான். நான் வேண்டுமென்றேதான் தள்ளி உட்கார்ந்தேன். எதிர்த்தரப்போடு ஒட்டி உட்காரக் கூடாது என்று கதிரேசன் சொல்லியிருக்கிறார். இல்லை, இந்த வழக்கில் அவன்தான் மனுதாரர், எதிர்த்தரப்பு யார் என்று எனக்கும் சரியாகப் பிடிபடவில்லை. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். என் வழக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று, இதைச் சீக்கிரமே, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.

என்ன சார், விரல் விட்டு எண்ணுகிறீர்கள்?

சவரியும் பஸ் ஸ்டாண்டில் இப்படித்தான் எண்ணினான். எண்ணிவிட்டுச் சொல்கிறான், "கேஸ் முடியறதுக்குள்ள நான் ரிடையரே ஆயிடுவேன்டா. உனக்கும் நிஜ அறுபது வந்துரும், எனக்கும் காகித அறுபது வந்துரும். ரெண்டு பேரும் ஒண்ணாவே ஒரு கிலோவுக்குப் போயிடலாம்." சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். எவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறான் பாருங்கள்! இவனிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாதா?

புதுக்கோட்டை வந்துவிட்டது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள், நான் முன்னால் போக வேண்டும். அவன் முழித்துக்கொண்டு மேலே கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறான். மேல்தட்டில் அவன் பையை யாரோ பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவனுக்கு எட்டாது சார். நான் போய்த்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.